‘வடுவைக் காட்டு’ என்கிறது கோப்பு

2009 ஜனவரியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு முடிவை அறிவித்தது. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை, போரால் மனம் சிதைந்து திரும்பியவர்களுக்குத் தர முடியாது. சொன்ன காரணம்: எதிரி வேண்டுமென்றே, வெளியிலிருந்து வந்த விசை ஒன்றால் உண்டாக்கிய காயமல்ல அது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் இராக்கிலிருந்தும் வந்திறங்கிய ஆட்கள் தூக்கம் தொலைத்து, பெண்டாட்டி பிள்ளைகளைக் கண்டு மிரண்டு, தெருவில் டயர் வெடித்தால் குப்புற விழுந்துகொண்டிருந்த காலம் அது. மருத்துவம் இதற்குப் பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைத்து அப்போதே இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. பெயர் உண்டு, பதக்கம் கிடையாது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்தச் செய்தியைப் படித்ததும் விழுப்புண் ஞாபகம் வராமல் இருக்காது. நம்முடைய புறத்திணை புண்ணை வாசிக்கத் தெரிந்த இலக்கணம். மார்பில் பட்டால் ஒரு பொருள், முதுகில் பட்டால் வேறு பொருள். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் வடக்கிருந்து உயிரை விட்டான். புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் நெருங்காமல் மனைவி காவல் இருப்பது தொடாக்காஞ்சி. தன் புண்ணைத் தானே கிழித்துக்கொண்டு சாவது மறக்காஞ்சி. செத்தவனுக்கு நடுகல். எல்லாவற்றுக்கும் துறை இருக்கிறது. உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் வீடு திரும்பி, வாசலிலேயே உட்கார்ந்து இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கு மட்டும் துறை இல்லை. அவன் உடம்பில் வாசிக்க எதுவும் இல்லை. பென்டகன் அதிகாரிகள் புறநானூறு படித்தவர்கள் இல்லைதான். ஆனாலும் வீரயுகத்தின் அதே இலக்கணத்தைக் கொண்டுதான் அந்த முடிவையும் எழுதியிருக்கிறார்கள்.

இதை ஒரு மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பேசுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. மனநல மருத்துவர்கள் பேசட்டும், பேசுகிறார்கள். என் அக்கறை வேறு. போரிலிருந்து திரும்பியவன் உதவி கேட்க வேண்டுமானால் ஒரு மனு எழுத வேண்டும். அந்த மனு ஒரு பிரதி. அதற்கென்று ஒரு கதையாடல் விதி இருக்கிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் கோப்பு மூடப்படும், எந்த இடத்தில் நாள், நேரம், ஊர்ப் பெயர் வர வேண்டும் என்பதையெல்லாம் அந்த விதியே தீர்மானிக்கிறது. அந்த விதிக்குள் போரின் எந்தப் பகுதி அடங்குகிறது, எந்தப் பகுதி வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் கேள்வி.

*

முதல் உலகப்போரில் இதற்கு ‘ஷெல் ஷாக்’ என்று பெயர். சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் ‘லான்செட்’ இதழில் எழுதியபோது அந்தச் சொல் அச்சேறியது. குண்டு வெடித்த அதிர்ச்சியில் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். பிறகு குண்டு வெடிக்காத இடத்தில் இருந்தவர்களுக்கும் கை நடுங்கியது, பேச்சு நின்றது. பிரிட்டிஷ் ராணுவம் என்ன செய்தது? இரண்டு எழுத்துகளைக் கண்டுபிடித்தது. எதிரியின் செயலால் வந்தது என்றால் ‘ஷெல் ஷாக் – டபிள்யூ’, அதாவது காயம்பட்டவன். சட்டைக் கையில் காயப்பட்டி குத்திக்கொள்ளலாம், பென்ஷனுக்கும் வழி உண்டு. அப்படி இல்லையென்றால் ‘ஷெல் ஷாக் – எஸ்’, வெறும் நோயாளி. ஒரே நடுக்கம், ஒரே ஊமைத்தனம். எழுத்து மட்டும் வேறு. 1917இல் அந்தப் பெயரையே புழங்கக் கூடாது என்று சொல்லி, ‘இன்னும் நோய் கண்டறியப்படாத நரம்புத் தொல்லை’ என்று எழுத வைத்தார்கள். 2009ஆம் ஆண்டு முடிவில் வரும் ‘எதிரி வேண்டுமென்றே’ என்ற சொற்றொடருக்குப் பாட்டன் இந்த டபிள்யூ.

வர்க்கம் இதில் வெளிப்படையாகவே இருந்தது. அதிகாரிக்கு வந்தால் ‘நியூராஸ்தினியா’, சிப்பாய்க்கு வந்தால் ‘ஹிஸ்டீரியா’. கவிஞர்கள் சசூனும் ஓவனும் 1917இல் இருந்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை அதிகாரிகளுக்கானது. அங்கே ரிவர்ஸ் என்ற மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பேசியே வைத்தியம் பார்த்தார். லண்டனில் யீலண்ட் என்ற மருத்துவர் பேச்சு நின்றுபோன சிப்பாய்களின் தொண்டைக்கு மின்சாரம் கொடுத்துப் பேச வைத்தார். 1918இல் அதைப் பெருமையாகப் புத்தகமும் போட்டார். ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் இன்ன பிற குற்றங்களுக்காகவும் தம் சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. செத்து எண்பத்தெட்டு, தொண்ணூறு வருஷம் கழித்து.

வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிஸஸ் டாலோவே’ (1925) நாவலை நனவோடை உத்திக்காகவே நம்மாட்கள் பேசிப் பேசி ஓய்ந்தார்கள். அதில் செப்டிமஸ் ஸ்மித் என்ற முன்னாள் சிப்பாய் வருகிறான். அவன் நண்பன் ஈவன்ஸ் போர் முடியப்போகும் நேரத்தில் செத்துப்போனான். அப்போது தனக்கு எந்த உணர்ச்சியும் வரவில்லையே என்பதுதான் அவனைத் தின்கிறது. தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைக்கிறான். ஒரு மருத்துவர் ‘உனக்கு ஒன்றுமே இல்லை’ என்கிறார். இன்னொருவர், பெரிய மருத்துவர் பிராட்ஷா, மனைவியிடமிருந்து பிரித்து நாட்டுப்புறத்து இல்லம் ஒன்றுக்கு அனுப்ப உத்தரவு போடுகிறார். செப்டிமஸ் ஜன்னல் வழியாகக் குதித்துச் சாகிறான். அன்றைக்கே இரவு, டாலோவே வீட்டு விருந்தில் பிராட்ஷா ஆளுங்கட்சி உறுப்பினரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். எதைப் பற்றி? ஷெல் ஷாக்கின் தாமதமான விளைவுகளுக்கு மசோதாவில் ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றி. மூன்று நான்கு வரிதான் இருக்கும், அதற்கு மேல் வுல்ஃப் எதுவும் சொல்வதில்லை. பிராட்ஷா கெட்டவர் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்த ஷரத்து தேவையானதுதான். நூறு பேருக்குப் பென்ஷன் கிடைக்கும். ஆனால் அந்த ஷரத்துக்குள் நுழையும்போது செப்டிமஸ் எதைக் குற்றம் என்று நினைத்தானோ அது வாசலிலேயே நின்றுவிடுகிறது.

*

வியட்நாமுக்கு வருவோம். இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் பி.டி.எஸ்.டி. என்ற கருத்தாக்கம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. போருக்கு எதிராக நின்ற சிப்பாய்கள் சண்டை போட்டு வாங்கியது. இதை மறந்துவிட்டுத்தான் இப்போது எல்லோரும் ‘ட்ராமா’ என்று சரளமாகப் பேசுகிறார்கள்.

1970இன் கடைசியில் நியூயார்க்கில், ‘போருக்கு எதிரான வியட்நாம் முன்னாள் வீரர்கள்’ அமைப்பைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் பேச்சு வட்டம் நடத்த ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன், கைம் ஷாட்டன் என்ற இரண்டு மனமருத்துவர்களைக் கூப்பிட்டார்கள். மருத்துவர்களாக அல்ல, கூட உட்கார்ந்து பேசுகிறவர்களாக. ஃபீஸ் கிடையாது, நோயாளிச் சீட்டு கிடையாது. அரசு மருத்துவமனையை அந்தப் பையன்கள் நம்பவில்லை. போருக்கு அனுப்பிய அதே அரசுதானே. அந்த வட்டங்களில் பேசப்பட்டது தங்களுக்கு நேர்ந்தது மட்டுமல்ல. தாங்கள் செய்தது. கிராமங்களைக் கொளுத்தியது, கைதிகளைக் கொன்றது, பெண்களுக்குச் செய்தது. 1971 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை டெட்ராய்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதையே பொதுமேடையில் சாட்சியமாகச் சொன்னார்கள். ‘விண்டர் சோல்ஜர்’ விசாரணை என்று அதற்குப் பெயர். லிஃப்டன் தன் 1973ஆம் ஆண்டுப் புத்தகத்தில் குற்றவுணர்வை இரண்டாகப் பிரிக்கிறார். ஆளை உறைய வைப்பது ஒன்று, உயிர்ப்பித்துப் பொறுப்பை நோக்கி நகர்த்துவது இன்னொன்று. இரண்டாவதைக் குணப்படுத்தத் தேவையில்லை என்பதுதான் அந்த வட்டங்களின் அரசியல்.

சாரா ஹேலி என்ற சமூகப் பணியாளரின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1969இல் பாஸ்டனில் உள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் வந்து மி லாய் என்ற கிராமத்தில் நடந்த படுகொலையைச் சொல்கிறான். தான் சுட மறுத்ததாகவும், கூட இருந்தவர்கள் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயமாக இருப்பதாகவும் சொல்கிறான். மருத்துவர்கள் கூடிப் பேசி எழுதிய நோய்ப் பெயர்: பாரனாய்டு ஸ்கிசோஃப்ரீனியா. நடக்காததைக் கற்பனை செய்கிறான். ஹேலி மட்டும் இவன் சொல்வது நிஜமாக இருக்கலாமே என்றார். எடுபடவில்லை. மி லாய் பற்றி சீமோர் ஹெர்ஷ் எழுதிய செய்தி அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. நோயாளி அட்டூழியத்தைச் சொல்லும்போது கேட்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஹேலி 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். நம் சூழலில் சாட்சியம் பற்றி எழுதுகிறவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை.

1980இல் அமெரிக்க மனமருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு, மூன்றாம் பதிப்பு. பி.டி.எஸ்.டி. உள்ளே வந்தது. பெரிய வெற்றி. சந்தேகமே இல்லை. அதற்கு முந்தைய, 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் போர் அதிர்ச்சிக்கென்று இருந்த தலைப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள், அதுவும் வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருஷத்தில். ஆனால் வென்ற இடத்திலேயே ஒன்று பறிபோனது. ஷாட்டனும் மற்றவர்களும் முதலில் பேசியது ‘வியட்நாமுக்குப் பிந்தைய’ நோய் பற்றி. கையேட்டில் வியட்நாம் இல்லை. வெள்ளம், தீ, விமான விபத்து, பாலியல் வன்முறை, போர் எல்லாமே ‘சாதாரண மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்ட’ நிகழ்வு என்ற ஒரே கூரைக்கு அடியில். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு இதனால் கிடைத்த நன்மை பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊரைக் கொளுத்தியவனும் தீயில் சிக்கியவனும் ஒரே வாக்கியத்தில், ஒரே செயப்பாட்டு வினையில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் ஏதோ ‘நேர்ந்துவிட்டது’. 1980 பதிப்பில் குற்றவுணர்வாவது நோய்க்குறிகளில் ஒன்றாக இருந்தது: பிறர் சாகத் தான் பிழைத்தது பற்றியும், பிழைப்பதற்காகச் செய்ய நேர்ந்தது பற்றியும். 1987இல் திருத்திய பதிப்பில் அதையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2013 பதிப்பில் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. ஃபாசான், ரெஷ்ட்மான் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் ட்ராமாவின் பேரரசு பற்றி எழுதியதில் இந்த நகர்வு விரிவாக இருக்கிறது. ஆலன் யங் 1995இலேயே இந்த நோயை ஒரு வரலாற்று விளைபொருளாகப் பார்த்து எழுதினார். உடனே நம்மாட்களில் சிலர் ‘ஓ, அப்படியானால் பி.டி.எஸ்.டி. என்பதே கட்டுக்கதை’ என்று குதிப்பார்கள். யங் அப்படிச் சொல்லவில்லை. கட்டமைக்கப்பட்டது என்றால் பொய் என்று அர்த்தமில்லை. சாதி கட்டமைக்கப்பட்டதுதான், அடி வாங்குகிறவனுக்கு வலிக்கவில்லையா?

*

டெட்ராய்ட் விசாரணை நடந்து மூன்று மாதம் ஆவதற்குள் அதே ஊரில் ட்வைட் ஜான்சன் செத்தான். கறுப்பின இளைஞன். 1968 ஜனவரியில் டாக் டோ அருகே நடந்த சண்டையில், முந்தின நாள்வரை தன்னோடு ஒரே டாங்கியில் இருந்தவர்கள் எரிந்து சாவதைப் பார்த்தான். தன் டாங்கியிலிருந்து இறங்கி அரைமணி நேரம் கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கொன்றான். கட்டிப்போட்டு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். ஊர் திரும்பினான், வேலை கிடைக்கவில்லை. அந்த வருஷ நவம்பரில் திடீரென்று வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு நாட்டின் உச்சபட்ச வீரப்பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தேடி வந்தார்கள். ராணுவம் அவனை ஆள் சேர்க்கும் வேலைக்கு வைத்துக்கொண்டது. டெட்ராய்ட்டின் கறுப்பினப் பையன்களைப் பட்டாளத்துக்கு இழுக்க நல்ல முகம். வயிற்றுவலி, கெட்ட கனவு, கடன். ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள், பாதியில் வந்துவிட்டான். 1971 ஏப்ரல் 30 அன்று, வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மளிகைக் கடையில் துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்டபோது கடைக்காரர் சுட்டதில் செத்தான். ராணுவ மரியாதையோடு ஆர்லிங்டனில் புதைத்தார்கள்.

மைக்கேல் ஹார்ப்பர் என்ற கறுப்பினக் கவிஞர் இதை வைத்து ஒரு கவிதைத் தொடர் எழுதினார். அது இடம்பெற்ற தொகுப்பு 1973இல் வந்தது. தலைப்பு ‘டிப்ரைட்மென்ட்’. மருத்துவச் சொல். புண்ணில் செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்வதற்கு அப்படிப் பெயர். கவிதை முழுக்க மருத்துவ மொழியும் ராணுவ மொழியும் தெருமொழியும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. மறக்காஞ்சியில் புண்ணைக் கிழிப்பவன் வீரன். இங்கே கிழிப்பது யார், சுத்தம் செய்கிறேன் என்று எதை வெட்டி எறிகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஜான்சனின் உடம்பில் விழுப்புண் இல்லை. ஆனால் பதக்கம் இருந்தது. பதக்கம் இருந்ததால் புண் யாருக்கும் தெரியவில்லை.

*

இப்போது கோப்பு. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையிடம் பி.டி.எஸ்.டி.க்கு உதவித்தொகை கேட்பவன் மூன்றைக் காட்ட வேண்டும்: நோய் இருக்கிறது, படையில் இருந்தபோது ஒரு நிகழ்வு நடந்தது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நடு விஷயத்தில்தான் ஆள் சிக்கிக்கொள்வான். காலாட்படைச் சண்டைப் பட்டையோ பர்ப்பிள் ஹார்ட்டோ இருந்தால் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். லாரி ஓட்டியவன், சமையல்காரன், பிணப்பை கட்டியவன், நர்ஸ் என்றால் நிகழ்வுக்குத் தனியே ஆதாரம் வேண்டும். எந்தத் தேதி? எந்தப் பிரிவு? யார் செத்தது, முழுப்பெயர் என்ன? 2010 ஜூலை வரை இதுதான் நிலை. அதன்பிறகு எதிரித் தாக்குதல் பற்றிய அச்சமே போதும், இடமும் சூழலும் அதற்குப் பொருந்தினால் சரி என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்போதும், அந்த அச்சத்தை உறுதிசெய்யும் மருத்துவர் துறையின் ஆளாகவோ துறை அமர்த்திய ஆளாகவோதான் இருக்க வேண்டும்.

நோயின் இயல்பைப் பாருங்கள். நினைவு துண்டு துண்டாகிறது. வரிசை கலைகிறது. ஒரு வாசனையோ சத்தமோ வந்தால் நடந்தது முழுசாகத் திரும்பி வருகிறது, ஆனால் தேதி வருவதில்லை. இந்த ஆளிடம் கோப்பு கேட்பது காலவரிசை. சிதைவின்றிச் சொல்ல முடிந்தால் ‘இவனுக்கு என்ன, நன்றாகத்தானே பேசுகிறான்’ என்பார்கள். சிதைந்து சொன்னால் ‘முன்னுக்குப் பின் முரண்’ என்பார்கள்.

பொய் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள் என்ற பேச்சு இந்தத் துறையில் ஓயாமல் கேட்பது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் கேட்டு நடந்த பெரிய ஆய்வில், வியட்நாம் களத்தில் இருந்த ஆண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு அப்போது இந்த நோய் இருந்ததாகத் தெரிந்தது. 4,79,000 பேர். நம்ப முடியாது என்றார்கள். 2006இல் டோரன்வெண்ட் குழு ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுபடி சரிபார்த்தது. கடுமையான அளவுகோலால் எண்ணிக்கை குறைந்தது, ஒன்பது விழுக்காட்டுப் பக்கம் வந்தது. ஆனால் இல்லாததைச் சொன்னதற்கோ ஊதிப் பெருக்கியதற்கோ பெரிய சான்று எதுவும் அகப்படவில்லை.

அரசு தரப்பில் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். 2008இல் டெக்சாஸ் மருத்துவமனை ஒன்றில் பொறுப்பில் இருந்தவர், உதவித்தொகை கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், எனவே பி.டி.எஸ்.டி. என்று எழுதுவதைத் தவிர்க்கலாமே என்று சக ஊழியர்களுக்கு எழுதியது வெளியே வந்து சந்தி சிரித்தது. 2001 நவம்பருக்கும் 2007 ஜூனுக்கும் இடையில் சுமார் 26,000 பேரை ‘ஆளுமைக் கோளாறு’ என்று எழுதிப் படையிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் சுமார் 2,800 பேர் ஆப்கன், இராக் போர்களுக்குப் போய் வந்தவர்கள். ஆளுமைக் கோளாறு என்ற சொல்லின் வசதி என்னவென்றால் அது பிறப்போடு, வளர்ப்போடு வந்ததாகக் கொள்ளப்படும். போருக்கு முன்பே இருந்தது. எனவே போர் பொறுப்பில்லை. குடித்துவிட்டுத் தகராறு செய்ததற்காக, சொல்லாமல் போனதற்காகக் கெட்ட சான்றிதழோடு அனுப்பப்பட்டவர்களுக்கு உதவியின் கதவே பெரும்பாலும் அடைத்துவிடும். அந்தக் குடியும் ஓட்டமுமே நோயின் அடையாளமாக இருக்கலாம், மறுபரிசீலனை செய்யும்போது தாராளமாகப் பாருங்கள் என்று பாதுகாப்பு அமைச்சர் சுற்றறிக்கை விட்டது 2014இல். அதே 2014இல்தான் ஃபீனிக்ஸ் மருத்துவமனையின் ரகசியக் காத்திருப்புப் பட்டியல் வெளிவந்து துறைச் செயலர் ஷின்செகி பதவி விலகினார். முதல்முறை மருத்துவரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் நாடு முழுக்க 57,000க்கும் அதிகம் என்று துறையின் தணிக்கையே சொன்னது.

*

நண்பர்கள் சிலர் கேட்பார்கள், கேட்டும் இருக்கிறார்கள்: ஏகாதிபத்தியச் சிப்பாய்க்குத் தூக்கம் வரவில்லை என்று நாம் ஏன் அழ வேண்டும்? வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்குப்படி அந்தப் பக்கம் செத்தது பொதுமக்கள் இருபது லட்சம், போராளிகள் பதினோரு லட்சம். அமெரிக்கர்கள் ஐம்பத்தெட்டாயிரம். செத்தவனுக்கும் சொந்தக்காரனுக்கும் எந்தக் கிளினிக் திறந்தது?

நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுகிற மனிதாபிமானம் எனக்குப் பிடிக்காது. ஆனால் பதில் பாவோ நின்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வடக்கு வியட்நாம் படையில் இருந்தவர். 1969இல் போன இளைஞர் படைப்பிரிவின் ஐந்நூறு பேரில் பிழைத்த பத்துப் பேரில் ஒருவர் என்று சொல்லப்படுகிறவர். ‘போரின் துயரம்’ என்று ஆங்கிலம் வழியாக நாம் அறிந்த நாவலில் கீன் போர் முடிந்தபின் காட்டுக்குள் பிணங்களின் எலும்பு பொறுக்கும் குழுவில் வேலை செய்கிறான். ராத்திரியில் எழுதுகிறான். எழுதியது ஒழுங்காக இல்லை. வருஷங்கள் கலந்து கிடக்கின்றன. கடைசியில் தாள்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறான், ஒரு ஊமைப்பெண் அவற்றைக் காப்பாற்றி வைக்கிறாள். பிறகு அது கையில் கிடைத்த ஒருவன் அடுக்கப் பார்க்கிறான், அடுக்க முடியவில்லை. அந்தச் சிதைவே நாவல். வென்ற நாட்டின் பெருங்கதையாடலுக்குள்ளும் இவனுக்கு இடமில்லை, அங்கே எல்லோரும் வீரர்கள் அல்லது தியாகிகள். அமெரிக்கக் கோப்புக்குள்ளும் இவன் வரமாட்டான். அமெரிக்கச் சிப்பாயின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது, அவன் பேச்சுக்குள்தான் அந்தக் கிராமத்துப் பிணங்கள் கிடக்கின்றன என்பதால். அவன் குற்றவுணர்வை நோய்க்குறியாக்கி மாத்திரை கொடுத்து ஆற்றிவிட்டால் கடைசிச் சாட்சியும் போய்விடும். அவனுக்குப் பென்ஷனும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். அவன் செய்ததைச் சொல்லும்போது கோப்பு மூடாமலும் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்ட இடம் அந்தப் பேச்சு வட்டங்கள்தான்.

இதை நான் ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு கோப்போடு சம்பந்தம் உண்டு.

எம்.ஏ. முடித்துச் சும்மா இருந்தபோது, எங்கள் தெருவில் இருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டு, “தம்பி, நீ தமிழ் படிச்சவன்தானே, எனக்கு ஒரு மனு எழுதிக் குடு” என்றார். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு மிலிட்டரி உண்டு. ஊருக்கு அவர்கள் கேன்டீன் பாட்டிலால்தான் அறிமுகம். இவர் 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். வந்த சில வருஷத்தில் உடல்தகுதி குறைவு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தீபாவளி வந்தால் கிணற்று மேட்டு மோட்டார் ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். பேய் என்று இரண்டு கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்ட மனு திரும்பி வந்திருந்தது. ‘பணியால் உண்டானதல்ல, பணியால் மோசமானதும் அல்ல’ என்ற இரட்டை வாக்கியம், நம் ராணுவக் கோப்புகளில் தேய்ந்துபோன சூத்திரம். சேரும்போது நோய் இல்லையென்றால் பணியால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது 2013இல். நாங்கள் எழுதியது அதற்கு முன்.

அங்கே என்ன நடந்தது மாமா, அதைச் சொன்னால்தான் எழுத முடியும் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எனக்குத் தமிழ் தெரியும்னு என்னைத்தான் முன்னாடி நிறுத்துவாங்க. வெளியே வாங்கம்மா, ஒண்ணும் செய்ய மாட்டோம்னு நான்தான் கூப்புடணும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன தம்பி. வந்தாங்க.”

அதை நான் எழுதவில்லை. கண்ணிவெடி, செத்துப்போன இரண்டு நண்பர்கள், தூக்கமின்மை என்று எழுதினேன். அதெல்லாம் உண்மைதான். அவருடைய தமிழை, அவர் கூப்பிட்ட அந்தத் தமிழை, மனுவுக்கு உதவாது என்று நானே வெட்டி எறிந்தேன். டைப்பிங் சென்டரில் ஆங்கிலமாக்கி அனுப்பினோம். பதில் வரவில்லை.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வை (2001) அதற்குப் பிறகு மறுபடி படித்தேன். இயக்கத்தில் இருந்து விலகியவன் பிரான்சில் அகதி நிலை கேட்டு எழுதும் மனுவாக அது தொடங்குகிறது. முதல் வாசிப்பில் அது அங்கத உத்தியாகப் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. போரில் இருந்தவன் பேச அனுமதிக்கப்பட்ட ஒரே இலக்கிய வடிவம் மனுதான் என்பதைப் பிடித்துக்கொண்டு, மனுவில் எழுதக் கூடாதவற்றுக்காகவே மீதி நாவலை எழுதியிருக்கிறார். 2009க்குப் பிறகு இலங்கையில் ‘புனர்வாழ்வு’ முகாம்கள் வழியாக வந்த முன்னாள் போராளிகள் சுமார் பன்னிரண்டாயிரம் பேர். அவர்களும் ஏதோ படிவத்தில் ஏதோ எழுதித்தான் வெளியே வந்திருப்பார்கள். யாழ்ப்பாணத்து மனமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த நோயைப் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு ‘மனவடு’ என்று பெயர் வைத்தார். புண் ஆறும், வடு ஆறாது என்று வள்ளுவர் பிரித்த இடத்திலிருந்து எடுத்த சொல்லாக எனக்குத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்புகளிலேயே இதுதான் சரி. ஆனால் வடு என்றால் வெளியே தெரிவதும்கூட. அலுவலகத்தில் கேட்பது அதைத்தான்.

ஊரில் அந்த மாமா இப்போது இல்லை. கோப்பு அத்தையிடம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தீர்ப்பைச் சொல்லி, குடும்பப் பென்ஷனுக்காவது மறுபடி எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். “நீயே எழுது, அவர் என்கிட்டயும் சொன்னார், அதையும் சேர்த்து எழுது” என்றார். எப்படி எழுதுவது, அதை எந்தப் பத்தியில் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. இப்படி மனு எழுதிக் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் இந்த இதழின் வாசகர்களில் இருப்பார்கள். பெயர்களை நீக்கிவிட்டு அவற்றின் நகல்களை அனுப்பினால், சேர்த்து வைத்துப் படிக்கலாம்.